உரிமத்தில் என் பெயர், மேடையில் வேறு முகம்

என்னை அடிக்க வந்தவன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். போலீஸ்காரர் எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நீல நிற ரப்பர் செருப்பு, இரண்டும் ஒட்டினாற்போல் சுவரோரமாக இருந்தது. லோரி டயர் கழற்றும் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளைக் கொல்ல வருகிறவனும் எங்கள் ஜனங்களில் செருப்போடு அடுத்தவன் இடத்துக்குள் நுழைய மாட்டான். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, மாடியில் என் அலுவலகம். ஒரு அறை, ஒரு மேசை, சத்தம் போடும் ஏர்கோன். நான் நிதி ஆலோசகன். சம்பாதித்ததை எதில் போடலாம், எதில் போடக் கூடாது, வேலை ஓய்ந்த பிறகு எப்படிச் சமாளிக்கலாம் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவன். அன்று காலை மேசைமேல் பொட்டலத்தைப் பிரித்துத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். கறுத்து, கழுத்து தடித்த ஆள். என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னான்.

"நீங்கதானா சார்?"

ஆமாம், உட்காருங்கள் என்றேன். அவன் உட்காரவில்லை.

முதல் அடி இடது கன்னத்து எலும்பில் விழுந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, தலைக்குள்ளே கேட்டது. நாற்காலியோடு சாய்ந்து எழுந்தபோது அடுத்த அடி தோளில். மூன்றாவது, எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த என் உரிமத்தின் மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்து என் முகத்தில் கொட்டியது. புருவத்திலிருந்து தாடை வரைக்கும் தோல் திறந்துகொண்டதை வலியாக உணரவில்லை, சூடாக உணர்ந்தேன். சாம்பார்ப் பொட்டலத்தை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். கொதிக்கக் கொதிக்கக் கட்டிக் கொடுத்த சாம்பார். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். ஸ்பேனர் பிடித்த கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது, அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை. நான் எழுதிப் பாஸ் பண்ணிய எந்தப் பரீட்சையிலும் இந்தப் பாடம் இல்லை.

அவன் என் சட்டைக் காலரைப் பிடித்து மாடிப்படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினான். ஊருக்குக் காட்ட வேண்டுமாம். கீழே பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். ஒரு அக்கா வாளித் தண்ணீரை எங்கள் இருவர் மேலும் ஊற்றினார். ஆண்கள் அவனைப் பிடித்து இழுத்துத் தூணோடு அழுத்தினார்கள். பிறகு அடித்தார்கள். முக்காலியால் அடித்தார்கள், குடைக் கம்பியால் அடித்தார்கள், சும்மா போகிறவன் ஒருவன் நின்று இரண்டு உதை விட்டுவிட்டுப் போனான். அவன் பல் ஒன்று தெறித்துச் சம்பங்கிக் கூடையில் விழுந்தது. நான் அடுத்த தூணில் சாய்ந்து நின்று, வாயில் ரத்தம் வழிய, "இன்னும் போடுங்க" என்றேன். மனதாரச் சொன்னேன். அவன் சாக வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் விரும்பினேன்.

அப்போது அவன் கத்தினான். "எங்கண்ணன் சேமநிதிய முழுங்கிட்டான் இவன். அண்ணனுக்குக் கை கால் வரல, பேச்சு வரல. கேளுங்க இவன."

அடித்த கைகள் நின்றன. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கிள்ளானில் யாரோ ஆலோசகன் ஓய்வு பெற்றவர் ஒருவரை மொட்டையடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்ததாம். அதில் என் பெயர் இருந்ததாம். எனக்குத்தான் யாரும் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் மல்லிகைச் சரம் விற்கும் கடைக்காரர் முன்னால் வந்தார். பெயரைச் சொல்லி, "அது நீங்கதானா?" என்று கேட்டார். பெயர் என்னுடையதுதானே, ஆமாம் என்றேன். பளீரென்று அறைந்தார். கன்னத்து எலும்பு ஏற்கெனவே உடைந்திருந்த பக்கம். அங்கேயே விழுந்தேன். போலீஸ் வண்டி வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே நடைபாதையில், இரண்டு தூண்களுக்கு அடியில் கிடந்தோமாம். யாரை ஏற்றுவது என்று அவர்களுக்கே குழப்பமாகப் போய்விட்டதாம்.

மருத்துவமனையில் முகத்தைத் தைத்தார்கள். மூக்கை நிமிர்த்தினார்கள். இடது கண் பிழைத்தது, ஆனால் இமை பாதிக்குமேல் ஏறுவதில்லை. உதட்டின் ஒரு ஓரம் கீழே இழுத்துக்கொண்டது. கண்ணாடியில் முதல் முறை பார்த்தபோது அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நடந்தது என்ன என்று வாக்குமூலம் வாங்க வந்த சார்ஜன்டுதான் எனக்குப் புரிய வைத்தார். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநர் ஒருவர் வேலை ஓய்ந்து, சேமநிதியை எடுத்து, ஒரு ஆலோசகரிடம் முழுதாகக் கொடுத்திருக்கிறார். ஆலோசகரின் கைபேசி அடங்கிப் போனதும் ஓட்டுநர் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்துவிட்டார். அந்த ஆலோசகர் கொடுத்த விசிட்டிங் கார்டில் என் பெயர். பெயருக்குப் பின்னால் என் மூன்று எழுத்துப் பட்டம். என் உரிம எண். கைபேசி எண் மட்டும் வேறு. பணம் போன கணக்கு யாருடையது என்று கேட்டேன். விசாரணையில் இருக்கிறது என்றார். நான் இல்லை என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டேன். அதுவும் விசாரணையில் இருக்கிறது என்றார்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது. பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள் பரீட்சை எழுதி வாங்குவது. நான் படித்தேன் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கடை போட முடியாது. கடை போட அரசாங்க ஆணையத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் யாரிடம் இருக்கிறது என்று ஆணையத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் கைபேசியிலேயே பார்க்கலாம். ஒரு கம்பெனியின் இன்ஷுரன்ஸை மட்டும் விற்கும் ஏஜென்டும் ஆலோசகர் என்றுதான் கார்டு அடிப்பார். ஹோட்டலில் ஒரு வாரக் கடைசியில் நடந்த வகுப்புக்கு வந்து மீகோரேங் சாப்பிட்டுப் போனதற்கும் சான்றிதழ் கொடுப்பார்கள், அதையும் சட்டம் போட்டு மாட்டுவார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்களிடம் எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஆட்கள் இதில் ஒன்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை, பளபளப்பாக இருப்பதைக் கும்பிடுகிறார்கள் என்று வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

படுக்கையில் கிடந்தபடி அந்தக் குடும்பத்தையும் அப்படியே திட்டத் தயாரானேன். முடியவில்லை. அவர்கள் பார்த்திருந்தார்கள். கிரேன் ஓட்டுநரின் மனைவி ஷா ஆலமில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவர் பதிவேட்டைத் திறந்து, கார்டில் இருந்த பெயரை அடித்து, உரிம எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். உரிமம் உண்மையானது, நடப்பில் இருக்கிறது என்று வந்திருக்கிறது. வராமல் என்ன செய்யும்? அது என் உரிமம். பதிவேட்டில் படம் கிடையாது. கார்டில் இருந்த கைபேசி எண்ணை விட்டுவிட்டுப் பதிவேட்டில் போட்டிருந்த கைபேசி எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் எடுத்திருப்பேன். அந்த ஒன்றைத்தான் செய்யவில்லை. ஆலோசகர் ஓடிய பிறகு மறுபடியும் அதே பதிவேட்டைப் பார்த்து, என் முகவரியை எடுத்து, தம்பிக்காரன் ஸ்பேனரோடு வந்துவிட்டான். அதாவது சரியான விலாசத்துக்குத்தான் வந்தான்.

நான் கூட்டம் கும்பல் என்று எங்கேயும் போகாதவன். கிள்ளானில் என் முகம் யாருக்கும் தெரியாது. ஆள் இல்லாத வீட்டில் நுழைகிற மாதிரி எவனோ என் பெயருக்குள் நுழைந்து குடியிருந்திருக்கிறான். நான் எந்த நிறுவனத்தின் பிரதிநிதியாக உரிமம் வாங்கியிருந்தேனோ அந்த நிறுவனம், விஷயம் தெளியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னது. வாடிக்கையாளர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். அது நான் இல்லை என்று சொல்ல, அவன் முகத்தைப் பார்த்தவன் ஒருவன் வேண்டும். பார்த்துப் பேசியவர் கிரேன் ஓட்டுநர் ஒருவர்தான், அவர் வீட்டில் வேறு யாரும் அவனைப் பார்த்ததில்லை, அவருக்கோ பேச்சு இல்லை. ஊரில் மீதிப் பேர் அவனைப் பார்த்தது கிள்ளானில் ஒரு கோயில் மேடையில், அதையும் சார்ஜன்டுதான் சொன்னார்.

எனவே தையல் பிரித்த கையோடு அந்தக் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவரை மேடையேற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கில் பெயரைச் சொல்வார்கள். அன்னதானச் செலவை ஏற்றுக்கொண்டு அவன் மூன்று வருஷம் தொடர்ந்து பொன்னாடை வாங்கியிருக்கிறான். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கமிட்டி அறையில் செயலாளர் பிரசாதப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். மேடையில் எடுத்த படங்களைக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். கோயிலின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தீர்களே என்றேன். எடுத்துவிட்டோம், கோயில் பெயர் கெட்டுவிடும் என்றார். அவன் எப்படி இருப்பான், உயரமா குள்ளமா, அதையாவது போலீஸில் வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொன்னாட போடுறதுதான் எங்க வேல. ஆளு யாருன்னு பாக்குறது உங்க வேல லா."

சிதறுகாய்க்காகச் சாக்கில் கட்டி வைத்திருந்த தேங்காய்கள் என் காலடியில் இருந்தன. ஒன்றை எடுத்தேன். அவர் தலைக்கு ஓங்கினேன். கடைசி நொடியில் கை தானாக விலகி, அவர் காதுக்குப் பக்கத்துச் சுவரில் போய் அது வெடித்தது. தேங்காய்த் தண்ணீர் அவர் திருநீற்றை அழித்துக்கொண்டு வழிந்தது. இரண்டாவதை எடுத்தபோது தொண்டர்கள் நாலைந்து பேர் என் மேல் விழுந்தார்கள். வயிற்றில் குத்தினார்கள். முதுகில் மிதித்தார்கள். கோபுரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கார்களுக்கு நடுவில் போட்டார்கள். தைத்த புருவம் இரண்டு இடத்தில் மறுபடி பிளந்தது. அதில் ஒருவன் நல்ல பையன்போல, என் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். அந்த வாரக் கடைசியில் பண்டமாரானுக்குக் காரை ஓட்டினேன். கண்டெய்னர் லோரிகள் நின்ற சந்துக்குள் கிரேன் ஓட்டுநர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தவன் என்னை அடித்த தம்பிக்காரன்தான், ஜாமீனில் வந்திருந்தான். முன் பல் இல்லை. கண்ணைச் சுற்றி சாம்பாரால் வெந்த தோல் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை முஷ்டியாகிவிட்டது. என் கையும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் வாசற்படியில் நாய்களைப் போல மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம். நான் சொன்னேன்: உன்னை நாலு சாத்துச் சாத்தத்தான் எனக்கு ஆசை, ஆனால் அதற்கு வரவில்லை. உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்க வேண்டும். நான்தான் என்று அவர் காட்டினால் இங்கேயே என்னைக் கொன்று போடு.

உள்ளேயிருந்து அவன் அண்ணி, வர விடு என்றார். நான் செருப்பைக் கழற்றினேன்.

கிரேன் ஓட்டுநர் கூடத்தில் சாய்வுக் கட்டிலில் படுத்திருந்தார். வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. இடது கை மட்டும் உயிரோடு இருந்தது. மனைவி அவர் வாயைத் துடைத்துவிட்டு, என் பெயரைச் சொல்லி, வந்திருக்கிறார் என்றார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் மாதிரியே இல்லை. இடது கை எழும்பியது. நான் குனிந்து பக்கத்தில்தான் இருந்தேன். தைத்த கன்னத்தில் அறைந்தார். கிரேன் பிடித்து உரமேறிய கை, ஒன்று போதும். பிறகும் அறைந்தார். நான் நகரவில்லை. அவருக்கு என் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக நகரவில்லை, வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை ஓங்கிய கை நடுவில் நின்றது. என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அந்த அம்மா விடவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க மொகம் முன்ன இப்படியா இருந்துச்சி?"

அவர் கேட்டது நியாயம். உடைந்து தைத்த இந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னால், முன்னே இருந்த முகத்துக்கும் அது சாட்சியாகுமா? அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அடையாள அட்டை, ஐசி இருந்தால் காட்ட முடியுமா என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. பணம் கொடுக்கும் முன்பே அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள் என்று கணவரிடம் சொன்னாராம். கோயிலில் மாலை வாங்கிய மனுஷரிடம் ஐசி கேட்டு என் மானத்தை வாங்குவாயா என்று அவர் சத்தம் போட்டாராம். பெயரையும் உரிம எண்ணையும் மட்டும் தேடிப் பார்த்துவிட்டு இந்த அம்மாவும் சும்மா இருந்துவிட்டாராம்.

என் தொழிலில் இத்தனை வருஷத்தில் யாரும் என் ஐசியைக் கேட்டதில்லை. எடுத்துக் கொடுத்தேன். பெயரை விரலால் தடவிப் படித்தார். கார்டில் இருந்த பெயர், பதிவேட்டில் இருந்த பெயர், எல்லாம் ஒன்றுதான். பிறகு அதைக் கணவரின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அதில் என் பழைய முகம் இருந்தது. மூக்கு நேராக, இரண்டு கண்ணும் ஒரே அளவில், யாரிடமும் அடி வாங்காத முகம். அவர் நெடுநேரம் பார்த்தார். இந்த முறை தலையை வேகமாக ஆட்டினார், இல்லை, இல்லை, இல்லை என்று. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"அப்ப நாங்க யாருகிட்ட குடுத்தோம்?" என்றார் அந்த அம்மா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

தம்பிக்காரன் அண்ணியின் கையிலிருந்து ஐசியை வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான். அன்றைக்கு என் அறைக்குள் வந்தபோது என் பெயரை மட்டும்தான் கேட்டான், முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான். பார்க்க வேண்டிய முகம் என் கழுத்துக்கு மேலே இல்லை, அவன் கையில் இருந்தது.

"அண்ணே, இது நல்ல மொகம்ணே" என்றான் என்னிடம்.

எனக்கு அவன் மேல் கோபம் அப்போதும் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. போலீஸ் புகாரை நான் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெறச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. கிரேன் ஓட்டுநர் தலையாட்டியதைச் சார்ஜன்டு வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொண்டு போனார். என் பெயர் எனக்குத் திரும்பி வந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

அன்று நான் கிளம்பும்போது தம்பிக்காரன் ஐசியைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்தால், நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பை யாரோ எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி, காலில் மாட்டத் தோதாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவனுடைய நீல ரப்பர் செருப்பு இருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, உடைந்த முகத்தைக் கையில் பொத்திக்கொண்டு சத்தமாக அழுதேன்.